விரலில் 93, கட்டிக்குள் எவ்வளவு?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. குரல்வளையில் புற்றுநோய். வெளியூரில் ரூம் எடுத்துத் தங்கி கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொண்டிருக்கிறோம். மொத்தம் 35 நாள், 11 முடிந்திருக்கிறது. வாரம் ஒரு கீமோவும் போகிறது. நாற்பது வருடம் பீடி பிடித்தவர், நுரையீரலும் பழுது. கொரோனா சமயத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 93, 94 தான் காட்டுகிறது. ஹீமோகுளோபின் 9.4. உடம்பில் ஆக்ஸிஜன் குறைவாக இருந்தால் கரண்ட் சரியாக வேலை செய்யாது என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஆக்ஸிஜன் மெஷின் வாடகைக்கு எடுத்து ராத்திரி வைக்கலாமா? பிரஷர் அறைக்குள் படுக்க வைக்கும் வைத்தியம் இருக்கிறது என்று சித்தப்பா சொல்கிறார். ரத்தம் ஏற்றச் சொல்லிக் கேட்கலாமா? டாக்டரிடம் கேட்டால் "பார்த்துக்கலாம்மா" என்கிறார். அப்பா இன்னும் கொல்லைப்பக்கம் போய் நாளைக்கு இரண்டு பீடி பிடிக்கிறார், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.
ஒரு மகள், திருத்துறைப்பூண்டி பக்கம்

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், இன்றைக்காவது தூங்குங்கள். கரண்ட் நன்றாக வேலை செய்ய வேண்டும் என்பதற்காக ஆக்ஸிஜன் மெஷின் எடுக்க வேண்டாம். பிரஷர் அறையும் வேண்டாம். ரத்தம் ஏற்றுவது பற்றி அவருடைய டாக்டரிடம் பேச வேண்டும், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல. கடைசி வரியில் தயங்கித் தயங்கி எழுதினீர்களே, அந்த இரண்டு பீடி, உங்கள் கடிதத்திலேயே பெரிய விஷயம் அதுதான்.

நீங்கள் படித்தது பொய் இல்லை. கதிர்வீச்சுத் துறையில் இருக்கிற எங்களுக்கு அது பாலபாடம். 1909லேயே ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். தோலை அழுத்திப் பிடித்து ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிட்டுக் கதிர் பாய்ச்சினால், அந்த இடம் அவ்வளவாகச் சிவக்கவில்லை, புண்ணாகவில்லை. காரணம் புரிய வெகுகாலம் ஆனது. கதிர் உடம்புக்குள் போகும்போது செல்லில் இருக்கிற தண்ணீரை உடைத்து, ரொம்பத் துடிப்பான சில துகள்களை உண்டாக்குகிறது. அவை போய் டி.என்.ஏ.வைத் தாக்குகின்றன. அந்தக் காயம் முதல் நொடித்துளியில் இன்னும் பச்சைக் காயம்தான், செல்லுக்குள் இருக்கிற வேறு ரசாயனங்கள் அதை ஒட்டவைத்துவிட முடியும். ஆனால் பக்கத்தில் ஆக்ஸிஜன் இருந்தால் அது முந்திக்கொண்டு காயத்தில் ஒட்டிவிடும். அப்புறம் அது ஆறாத காயம். இதெல்லாம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. ஆக்ஸிஜனே இல்லாத செல்லைக் கொல்ல, ஆக்ஸிஜன் உள்ள செல்லுக்குத் தேவைப்படுவதைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். சாதாரண வித்தியாசம் இல்லை.

அப்பாவின் ஃபைலில் 70 கிரே என்று எழுதியிருப்பார்கள், பாருங்கள். கதிரின் அளவைச் சொல்கிற அலகு அது. கிரே என்பது ஒரு ஆளின் பெயர். பிரிட்டிஷ் இயற்பியலாளர். அவரும் தாம்லின்சன் என்ற மருத்துவரும் 1955ல் நுரையீரல் புற்றுக் கட்டிகளை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். கட்டி கயிறு கயிறாக வளர்ந்திருந்தது, கயிற்றைச் சுற்றி ரத்தக் குழாய்கள். கயிற்றின் ஆரம் 160 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் நடுவில் உயிர் இருந்தது. 200ஐத் தாண்டினால் தப்பாமல் நடுவில் செத்த திசு. அதாவது ரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் ஆக்ஸிஜன் தீர்ந்துவிடுகிறது. உயிரோடு இருக்கிற செல்லுக்கும் செத்த செல்லுக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு வரிசை இருக்கும். பட்டினி கிடந்தாலும் சாகாத செல்கள். கதிருக்குத் தப்பிப்பவை இவைதான்.

இங்கேதான் உங்கள் கணக்கு வழி மாறுகிறது. விரலில் மாட்டுகிற கருவி அந்தப் பட்டினி செல்லைப் பற்றி ஒன்றுமே சொல்லாது.

திருத்துறைப்பூண்டிக்காரருக்கு இதைப் புரியவைக்க நான் பாடுபட வேண்டியதில்லை. மேட்டூரில் நூறு அடி தண்ணீர் நிற்கிறது என்று செய்தியில் சொல்வார்கள். உங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்பது வேறு கேள்வி. நடுவில் எத்தனை மதகு, எத்தனை தூர்ந்த வாய்க்கால்! கட்டிக்குள் இருக்கிற ரத்தக் குழாய்கள் தூர்ந்த வாய்க்கால் மாதிரிதான். அவசரத்தில் முளைத்தவை, கோணல்மாணலானவை, கசிபவை, சில நேரம் அடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்துத் திறப்பவை. நல்ல ரத்தம் வந்தாலும் கடைமடைக்குப் போகாது.

எண்களிலும் சொல்கிறேன். ஆக்ஸிமீட்டரில் 93 என்றால் தமனி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் சுமார் 65 முதல் 70 மி.மீ. பாதரசம். 98 என்றால் நூறை ஒட்டி. கதிருக்கு ஒரு செல் நன்றாக மசிய 20, 30 இருந்தாலே போதும். அதற்கு மேல் எவ்வளவு ஏற்றினாலும் பெரிதாக ஒன்றும் கூடாது. 3க்குப் பக்கத்தில் வரும்போது பாதிப் பலன்தான், பூஜ்ஜியத்தை நெருங்கினால் நான் சொன்ன மூன்று மடங்கு கணக்கு. அப்பாவின் தமனியில் ஓடுகிற ரத்தத்துக்குக் குறை ஒன்றுமில்லை. குறை அந்தக் கடைசி மில்லிமீட்டரில். அங்கே 70 மி.மீ. ரத்தம் போனால் என்ன, 100 போனால் என்ன, வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது.

அப்படியானால் எது வித்தியாசம் பண்ணும்? சரக்கு. ஆக்ஸிமீட்டர் காட்டுவது ஒவ்வொரு லாரியும் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும்தான். எத்தனை லாரி ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. லாரி என்பது ஹீமோகுளோபின். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்ஸிஜனைச் சுமக்கும். அப்பாவின் 9.4ஐயும் 93 சதவீதத்தையும் வைத்துப் பெருக்கினால் 100 மில்லி ரத்தத்தில் 11.7 மில்லி. மெஷின் வைத்து 93ஐ 98 ஆக்கினால் 12.3. அரை மில்லி சொச்சம் கூடியது. மெஷின் இல்லாமல், ஹீமோகுளோபின் மட்டும் மூன்று கிராம் ஏறி 12.4 ஆனால் பதினைந்தரை. இரண்டுக்கும் உள்ள தூரத்தை நீங்களே பாருங்கள்.

உடனே "அப்போ ரத்தம் ஏற்றிவிடலாமே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நான் இந்தத் துறைக்கு வந்த புதிதில், ஹீமோகுளோபின் 12ஐத் தொடும்வரை பாட்டில் பாட்டிலாக ஏற்றிக்கொண்டு, அதற்காகச் சிலருக்கு ஆரம்பத் தேதியையே தள்ளிப்போட்டிருக்கிறோம். இப்போது நினைத்தால் அந்தத் தள்ளிப்போட்ட நாட்கள்தான் உறுத்துகின்றன. ரத்தசோகை உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சின் பலன் குறைவு என்பது கர்ப்பப்பை வாய்ப் புற்றிலும் தலை கழுத்துப் புற்றிலும் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. ஆனால் ரத்தசோகையைச் சரிசெய்தால் பலன் கூடுமா என்று டென்மார்க்கில் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் சோதித்தார்கள். தலை கழுத்துப் புற்று உள்ளவர்களில் ஒரு பாதிக்கு ரத்தம் ஏற்றினார்கள், இன்னொரு பாதிக்கு ஏற்றவில்லை. ஏற்றியவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை.

ஊசி போட்டு ரத்தத்தை ஊற வைக்கலாம் என்று கிளம்பிய கதை இன்னும் மோசம். எரித்ரோபொயட்டின் ஊசி, கிட்னி நோயாளிகளுக்குப் போடுவது. 2003ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், கதிர்வீச்சு எடுத்த தலை கழுத்துப் புற்று நோயாளிகளுக்கு இதைப் போட்டார்கள். ஹீமோகுளோபின் ஜோராக ஏறியது. ஆனால் போடாதவர்களைவிட அவர்களுக்குத்தான் கட்டி அதிகமாகத் திரும்ப வந்தது. டென்மார்க்கில் அதே வகை மருந்தை வைத்து நடந்த சோதனையை 2006ல் பாதியிலேயே நிறுத்தினார்கள், அங்கேயும் ஊசி போட்டவர்கள் நிலைதான் மோசம். ஆகவே யாராவது "ஒரு ஊசி இருக்கு, ரத்தம் கிடுகிடுன்னு ஏறும்" என்று சொன்னால், உங்கள் டாக்டரைக் கேட்காமல் சரி என்று சொல்லாதீர்கள்.

ரத்தம் குறைந்தால் பலன் குறைகிறது, ஏற்றினால் மட்டும் பலன் கூடவில்லை. ஏன்? ரத்தசோகை பல நேரம் நோயின் நிழல். பெரிய கட்டி, நாள்பட்ட கட்டி, சரியாகச் சாப்பிட முடியாத ஆள், இவர்களுக்குத்தான் ரத்தம் குறைகிறது. நிழலை அழித்தால் மரம் விழுந்துவிடாது. இன்னொன்று, வெகுநாள் ரத்தசோகைக்கு உடம்பு தன்னைப் பழக்கிக்கொள்கிறது, இருக்கிற லாரிகள் வேகமாகச் சுற்றுகின்றன, சரக்கைத் தாராளமாக இறக்குகின்றன.

அதற்காக 9.4ஐக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. அப்பாவுக்கு வாரா வாரம் கீமோ போகிறது, தொண்டை புண்ணாகி இனிமேல் சாப்பாடு குறையும், ஹீமோகுளோபின் இன்னும் இறங்கத்தான் பார்க்கும். எதற்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றுவது என்பதற்கு 8 என்று ஒரு துறையும் 10 என்று ஒரு துறையும் கோடு போட்டு வைத்திருக்கும். மூச்சு வாங்குகிறதா, மார்பு படபடக்கிறதா, இதயம் எப்படி என்பதைப் பொறுத்து அந்தக் கோடு நகரும். நீங்கள் கேட்க வேண்டியது: "வாரம் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்க்கிறீர்களா? எவ்வளவுக்குக் கீழே போனால் ஏற்றுவீர்கள்? இரும்புச் சத்து அளவு பார்த்தாயிற்றா?" இப்படிக் கேட்டால் "பார்த்துக்கலாம்மா" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முருங்கைக்கீரை, பேரீச்சை, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) எல்லாம் கொடுக்கலாம், தொண்டைக்குள் இறங்குகிறவரை. ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். இரும்புக் குறைவுதான் காரணம் என்று உறுதியாகி மாத்திரையே போட்டாலும் ஒரு கிராம் ஏற இரண்டு மூன்று வாரம் ஆகும். நீங்கள் ஆட்டு ஈரல் வாங்கி வந்த மறுநாள் ரத்தப் பரிசோதனை பண்ணிப் பார்த்து மனம் உடைய வேண்டாம். இப்போது எடை குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. முழுங்க முடியாமல் போனால் மூக்கு வழியாகக் குழாய் போடலாமா என்று டாக்டர் கேட்பார். அதை அவமானமாக நினைத்துத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

இப்போது பீடி. புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நன்றாகப் புகைக்கிறவர்களின் ரத்தத்தில் 5 முதல் 10 சதவீத ஹீமோகுளோபின் இப்படி மாட்டிக்கொண்டு கிடக்கும். லாரியில் சரக்குக்குப் பதில் கல். அது போதாதென்று, மிச்ச லாரிகளும் கொண்டுவந்த ஆக்ஸிஜனைத் திசுவில் இறக்கத் தயங்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், நீங்கள் நம்பிக்கொண்டிருக்கிற அந்த ஆக்ஸிமீட்டருக்குக் கல்லுக்கும் சரக்குக்கும் வித்தியாசம் தெரியாது. கார்பன் மோனாக்சைடையும் ஆக்ஸிஜன் என்றே எண்ணிக் காட்டிவிடும். பீடி பிடித்துவிட்டு வந்த மனிதரின் விரலில் 94 என்றால், உண்மையில் அதைவிடக் குறைவு.

கனடாவில் தலை கழுத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 1993ல் எழுதினார்கள். சிகிச்சைக் காலத்திலும் புகைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத்தான் கட்டி முழுசாக மறைந்தது. புகைக்காதவர்களில் 74. இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம், 66 சதவீதம். இத்தனை வித்தியாசமும் ஆக்ஸிஜனால் மட்டும் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். விடாமல் புகைக்கிறவர்கள் குடிப்பதும், சாப்பாட்டைக் கவனிக்காமல் இருப்பதும், நோய் முற்றி வருவதும் அதில் கலந்திருக்கும். ஆனால் பைசா செலவில்லாமல், பக்கவிளைவில்லாமல், இன்றைக்கே செய்யக்கூடியது வேறு எதுவும் என்னிடம் இல்லை. அறைக்காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தாலே நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையும். இன்று மாலை நிறுத்தினால் நாளைக் காலை கரண்ட் மேஜையில் படுக்கும்போது ரத்தம் ஏறக்குறைய சுத்தம். அப்பாவிடம் இதை அப்படியே சொல்லுங்கள். "உடம்புக்குக் கெடுதல்" என்று நாற்பது வருடமாகக் கேட்டுக் காது புளித்திருக்கும். "நாளைக் காலை வைக்கிற கரண்டுக்கு இது தடை" என்பது அவர் காதுக்குப் புதிது. முடியவில்லை என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி நிக்கோட்டின் பட்டை கேளுங்கள். வாய் புண்ணாக இருக்கும்போது நிக்கோட்டின் சூயிங்கம் எரியும், தோலில் ஒட்டுவதுதான் சௌகரியம்.

சித்தப்பா சொன்ன பிரஷர் அறைக்கு வருகிறேன். அவரும் சும்மா சொல்லவில்லை. 1950களில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சர்ச்சில்-டேவிட்சன் என்ற மருத்துவர், நோயாளியை இரும்புத் தொட்டிக்குள் படுக்க வைத்து, வளிமண்டலத்தைப் போல மூன்று மடங்கு அழுத்தத்தில் ஆக்ஸிஜனை நிரப்பி, உள்ளே இருக்கும்போதே கதிர் பாய்ச்சினார். பிறகு நடந்த சோதனைகளில் தலை கழுத்திலும் கர்ப்பப்பை வாயிலும் கட்டி அடங்குவதில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு நோயாளியையும் தொட்டிக்குள் அடைக்கிற பாடு, சிலருக்கு வந்த வலிப்பு, மற்றத் திசுக்களுக்கும் கூடிய சேதம் எல்லாம் சேர்ந்து அது வழக்கொழிந்துபோனது. முக்கியமாகக் கவனியுங்கள், "உள்ளே இருக்கும்போதே". காயத்தில் ஆக்ஸிஜன் ஒட்டுவது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வேலை என்றேனே. உடம்புக்கு ஆக்ஸிஜனைச் சேமித்து வைக்கிற பத்தாயம் கிடையாது. ராத்திரி பிரஷர் அறையிலோ, வீட்டு மெஷினிலோ ஏற்றியது காலையில் கரண்டுக்கு உதவாது. இப்போது பிரஷர் அறைக்கு அனுப்புவது பெரும்பாலும் கதிர்வீச்சு முடிந்து வருடங்கள் கழித்துத் தாடை எலும்பு போன்ற இடங்களில் ஆறாத புண் வந்தவர்களை. அது வேறு கணக்கு. நுரையீரல் பழுதானவரை அந்த அழுத்தத்துக்குள் தள்ளுவது நுரையீரல் வெடிக்கவும் வழி பண்ணும்.

வீட்டு மெஷினில் இன்னும் இரண்டு வினை உண்டு. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள சிலருக்கு ஆக்ஸிஜனை அளவில்லாமல் கொடுத்தால் கரியமிலவாயு உடம்பில் தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். அப்புறம், மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் மாட்டிய மனிதர் கொல்லைப்பக்கம் போய்த் தீக்குச்சி கிழித்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

வேறு வழிகளும் தேடியிருக்கிறார்கள். ஆக்ஸிஜனைப் போலவே நடிக்கிற நிமோரசோல் மாத்திரையை டென்மார்க்கில் பல வருடமாகக் கொடுத்துவந்தார்கள், பின்னால் பிரிட்டனில் செய்த சோதனையில் அதற்குப் பலன் தெரியவில்லை. சிறுநீர்ப்பைப் புற்றுக்கு, கரியமிலவாயு கொஞ்சம் கலந்த ஆக்ஸிஜனைக் கதிர் பாயும்போதே சுவாசிக்கக் கொடுத்து, கூடவே நிக்கோட்டினமைடு என்ற வைட்டமின் மாத்திரையும் தந்தபோது, மூன்று வருடம் பிழைத்தவர்கள் 46லிருந்து 59 சதவீதமானார்கள். 2010ல் வந்த பிரிட்டிஷ் முடிவு அது. அப்பாவுக்கு இதையெல்லாம் தேடி அலைய வேண்டாம்.

ஏனென்றால் கட்டிக்குள் ஆக்ஸிஜனைக் கொண்டுபோகிற வேலையை அந்த 35 நாளே செய்துகொண்டிருக்கிறது. மொத்தக் கதிரையும் ஒரே நாளில் கொடுக்காமல் தினம் 2 கிரே என்று பிரித்துக் கொடுப்பதற்கு ஒரு காரணம் இதுதான். இன்று ரத்தக் குழாயை ஒட்டி இருக்கிற, நன்றாக ஆக்ஸிஜன் குடிக்கிற செல்கள் சாகின்றன. அவை குடித்துக்கொண்டிருந்த ஆக்ஸிஜன் மிச்சமாகிறது. பின்வரிசையில் பட்டினி கிடந்தவற்றுக்கு அது எட்டுகிறது. ஆக்ஸிஜன் எட்டியதும் அவையும் கதிருக்கு மசிகின்றன. தலைமடைக்காரர் தண்ணீர் எடுப்பதை நிறுத்தினால் கடைமடைக்கு வாய்க்கால் ஓடுவது போல. 11 நாள் முடிந்த அப்பாவின் கட்டிக்குள் இது ஏற்கெனவே தொடங்கியிருக்கும்.

அதனால்தான் ஒரு நாளும் விடாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். கல்யாணம், காதுகுத்து, அமாவாசை எதற்கும். தொண்டைப் புற்றில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால் கட்டி அடங்கும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் சற்று மேலாகக் குறைகிறது, இடைவெளியில் செல்கள் மறுபடி பெருகுவதால். மெஷின் பழுதாகி நாள் போனால், சனிக்கிழமை வைத்தோ ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை வைத்தோ ஈடுகட்ட முடியுமா என்று கேளுங்கள்.

ஆக்ஸிமீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம், அவருடைய நுரையீரலைக் கவனிக்க அது வேண்டும். நாற்பது வருடப் பீடிக்கு 93 ஆச்சரியமில்லை. விரல் ஜில்லென்று இருந்தால் தப்பாகக் காட்டும், தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். 90க்குக் கீழே இறங்கினாலோ, காய்ச்சலும் இருமலும் கூடினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆனால் குரல்வளைக் கட்டியில் இன்னொன்று இருக்கிறது, அதற்கு எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மூச்சை இழுக்கும்போது கீச்சென்றோ கர்ரென்றோ சத்தம் வந்தால், கழுத்துக்குழி உள்ளே இழுத்தால், படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தால், ஆக்ஸிமீட்டர் 96 காட்டினாலும் நடுராத்திரியே கிளம்ப வேண்டும். வீக்கத்தால் மூச்சுப்பாதை அடைபடுகிறது என்று அர்த்தம். அந்த எண் கடைசி நிமிடம்வரை நன்றாகவே இருந்துவிட்டுப் பிறகுதான் சரியும்.

நான் அப்பாவின் ஸ்கேனையோ ஃபைலையோ பார்க்கவில்லை. அவரைத் தினம் பார்க்கிற டாக்டர் சொல்வது இந்தக் கடிதத்தோடு முரண்பட்டால் அவர் சொல்வதையே கேளுங்கள். மெஷினுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள், ரூம் வாடகைக்கு ஆகும். நாளைக்கு 12ஆவது நாள் என்றால், முடிந்தால் இன்று மாலையே கொல்லைப்பக்கம் போய் அப்பாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுங்கள்.